ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையின் தளம் கூகுளில் வரவே இல்லை, பேக்லிங்க் பேக்கேஜ் வாங்கலாமா?

காரைக்குடிப் பையன்:

வணக்கம் நண்பர்களே. ஆத்தங்குடியில் என் மாமாவுக்கு டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல் கலர் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்கிற அதே டைல்ஸ்தான். போன வருடம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியிடம் கொடுத்து வேர்ட்பிரஸில் தளம் போட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, முகப்பில் பெரிய பெரிய படங்கள் ஓடுகின்றன, வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் "ஆத்தங்குடி டைல்ஸ்" என்று தமிழில் தேடினாலும் சரி, ஆங்கிலத்தில் தேடினாலும் சரி, பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தும் எங்கள் தளம் கண்ணில் படவில்லை. பட்டறையின் பெயரை அப்படியே அடித்தால் மட்டும் வருகிறது. பெயர் தெரிந்தவர் நேராக போனே போட்டுவிடுவாரே, அவருக்கு எதற்குத் தளம்?

ஏஜென்சியைக் கேட்டால், "போட்டி அதிகம் சார், பேக்லிங்க் பேக்கேஜ் எடுங்க, மாசம் 500 லிங்க், மூணு மாசத்துல முதல் பக்கம் கேரண்டி" என்கிறார்கள். பேக்லிங்க் என்றால் மற்ற தளங்கள் நம் தளத்துக்குக் கொடுக்கும் லிங்க்காம். ஏற்கெனவே அவர்கள் செய்திருப்பது: கீவேர்டு டேக்கில் (பக்கத்தின் கோடுக்குள் தேடுசொற்களை எழுதிவைக்கும் இடமாம்) ஒரு பெரிய பட்டியல், அப்புறம் "ஆத்தங்குடி டைல்ஸ் சென்னை", "ஆத்தங்குடி டைல்ஸ் கோவை", "ஆத்தங்குடி டைல்ஸ் பெங்களூரு" என்று ஊருக்கு ஒரு பக்கம். மாமா பணம் கட்டத் தயாராக இருக்கிறார், நான்தான் இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் பார்ப்பது அக்கவுண்ட்ஸ் வேலை. கோடிங் தெரியாது, வேர்ட்பிரஸ் உள்ளே போய் எழுத்தை மாற்றவும் படம் ஏற்றவும் தெரியும், அவ்வளவுதான். கட்டலாமா, வேண்டாமா?

இணையத்தச்சன்:

கட்டாதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்த "கேரண்டி" என்ற ஒரு சொல்லுக்காகவே அவர்களை விட்டு விலகலாம்.

கீவேர்டு டேக் கதை இன்னும் வேடிக்கை. வலைத் தேடலில் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் அறிவித்தது 2009 செப்டம்பரில். இத்தனை வருடம் கழித்தும் அதை ஒரு வேலையாகக் காட்டிக் காசு வாங்குகிறார்கள் என்றால் மற்றதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சர்ச் கன்சோல் யார் கணக்கில் இருக்கிறது? ஏஜென்சி கணக்கில் மட்டும் இருந்தால் முதல் வேலையாக மாமாவின் ஜிமெயிலை ஓனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் யார் பெயரில் என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். தள முகவரியைத் தனிமடலில் அனுப்பினால் இன்று இரவு பார்த்துச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பையன்:

அனுப்பிவிட்டேன் அண்ணா. டொமைன் நல்லவேளையாக மாமா பெயரில்தான் இருக்கிறது. சர்ச் கன்சோல் என்றால் என்ன என்று ஏஜென்சிக்கு போன் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது (நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவியாம்), இப்போது சேர்த்துவிட்டார்கள்.

இணையத்தச்சன்:

பார்த்தேன். பேக்லிங்க் பேச்சை ஓரமாக வையுங்கள், உங்கள் தளத்தில் கூகுள் படிப்பதற்கே ஒன்றும் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முகப்பில் ஓடுகிற படங்களில் "நூறாண்டு பாரம்பரியம், கைவினை ஆத்தங்குடி டைல்ஸ்" என்று அழகாக எழுதியிருக்கிறதே, அந்த எழுத்தின் மேல் மவுஸை வைத்து இழுத்து செலக்ட் செய்து பாருங்கள். செலக்ட் ஆகாது. அது படத்துக்குள் வரைந்த எழுத்து. படத்துக்கு ஆல்ட் எழுத்தும் (படத்தில் என்ன இருக்கிறது என்று கோடில் சொல்லும் வரி) கொடுக்கவில்லை, கோப்பின் பெயர் "ஸ்லைடர் ஒன்று, ஸ்லைடர் இரண்டு". சர்ச் கன்சோலில் மேலே இருக்கும் பெட்டியில் முகப்பு முகவரியைப் போட்டு, கூகுள் எடுத்துக்கொண்ட பக்கத்தின் எச்டிஎம்எல்லைத் திறந்து பாருங்கள். பட்டறையின் பெயர், போன் நம்பர், "எங்களைத் தொடர்புகொள்ள", அடியில் காப்புரிமை வரி, இவ்வளவுதான் எழுத்தாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எந்தத் தேடலுக்கு உங்களைக் காட்டுவார்கள்? பட்டறை பெயருக்குக் காட்டுகிறார்கள், அதைத்தான் நீங்களும் சொன்னீர்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். மெனுவில் டிசைன்கள், செய்முறை, பராமரிப்பு, தொடர்பு என்று நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டு மேலே முகவரியைப் பாருங்கள், முகவரி மாறுவதில்லை, கடைசியில் ஒரு ஹாஷ் (#) குறியும் ஒரு சொல்லும் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஹாஷுக்குப் பிறகு வருவதை கூகுள் தனிப் பக்கமாக எடுப்பதில்லை. ஆக நீங்கள் ஐந்து பக்கத் தளம் என்று நினைத்திருப்பது கூகுளுக்கு ஒரே பக்கம். அந்த ஒரு பக்கமும் படங்களால் ஆனது. இது போக மிச்சம் இருப்பவை அந்த ஊர் பெயர்ப் பக்கங்கள். அவற்றைத் திறந்து பார்த்தேன், ஊர் பெயரைத் தவிர ஒரு எழுத்துகூட மாறவில்லை. இந்த மாதிரிப் பக்கங்களை டோர்வே பக்கங்கள் என்று கூகுளின் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். அதாவது உங்கள் தளத்தில் எழுத்து என்று இருப்பதில் பெரும்பகுதி விதிமீறல்.

சரி, என்ன செய்ய வேண்டும். நான்கு பகுதிகளையும் தனித்தனி முகவரி உள்ள பக்கங்களாகப் பிரியுங்கள், வேர்ட்பிரஸில் இதற்குக் கோடிங் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி டைட்டில். இப்போது உங்கள் முகப்பின் டைட்டில் "ஹோம்" என்று இருக்கிறது, பிரவுசர் டேபில் பாருங்கள். "கையால் செய்த ஆத்தங்குடி டைல்ஸ் – பட்டறை பெயர், ஆத்தங்குடி" என்று சாதாரணமாக வைத்தாலே போதும். 2021 ஆகஸ்டிலிருந்து கூகுள் சில சமயம் நம் டைட்டிலை மாற்றி எழுதிக் காட்டுகிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கிறது.

பக்கங்களில் என்ன எழுதுவது என்பதற்கு கீவேர்டு டூல் எதுவும் வாங்க வேண்டாம். மாமாவின் வாட்ஸ்அப்பைத் திறந்து, டைல்ஸ் விசாரிக்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். பாத்ரூமில் போடலாமா, வழுக்குமா, வாசலில் வெயில் மழை படும் இடத்துக்குத் தாங்குமா, எண்ணெய்க் கறை போகுமா, பெங்களூருக்கு லாரியில் வந்தால் எத்தனை உடையும், எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும், பதிக்க உங்கள் ஊர் ஆளே வருவாரா. மாமா போனில் தினமும் சொல்கிற பதில்கள்தான் இவை. இவற்றை அப்படியே எழுதி வையுங்கள். இதை எந்த ஏஜென்சியாலும் எழுத முடியாது, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது.

படங்கள். முகப்பில் இருக்கும் முதல் படம் மட்டும் 6 எம்பி. அளவைக் குறைக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு, அதற்கு எல்சிபி என்று பெயர். உங்களுடையது மொபைலில் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் ஏற்றினால் இருநூறு முந்நூறு கேபிக்குள் அடங்கிவிடும். தாமதமாக ஏற்றும் லேசி லோடு வசதியை எல்லாப் படத்துக்கும் போட்டிருக்கிறார்கள், முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள், அது இருந்தால் வேகம் குறையும். ஆனால் ஒன்று, வேகத்துக்கு நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்று பேஜ்ஸ்பீடு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் விஷயம் இல்லை என்றால் வேகம் காப்பாற்றாது.

இதையெல்லாம் மொபைலில் திறந்து சரிபாருங்கள். கூகுள் இப்போது படிப்பது மொபைல் பதிப்பைத்தான், 2023 அக்டோபரில் அந்த மாற்றம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். கம்ப்யூட்டரில் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பத்தியை வைத்தால் அது இல்லாத மாதிரிதான்.

வடகரை:

மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. நான் வீட்டு இன்டீரியர் வேலை செய்கிறவன், டைல்ஸ் வாங்குகிற பக்கத்தில் இருப்பவன். "ஆத்தங்குடி டைல்ஸ் விலை" என்று தேடினால் முன்னால் வந்து நிற்பது இந்தியாமார்ட் மாதிரியான சந்தைத் தளங்களும் பின்ட்ரஸ்டும் யூடியூபும்தான். ஒரு சின்னப் பட்டறை அதோடு மோதி முதல் பக்கம் வருவதற்குள் பேரனுக்குப் பேரன் பிறந்துவிடுவான். இன்ஸ்டாகிராமில் கண்ணாடியிலிருந்து டைல்ஸைக் கழற்றுகிற வீடியோவைப் போட்டால் அன்றைக்கே ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது, சூளையில் வைப்பதே இல்லை என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, பார்த்து அசந்துபோகிறார்கள். அதை விட்டுவிட்டு டைட்டில் டேக் திருத்திக்கொண்டிருப்பது எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது.

இணையத்தச்சன்:

வடகரை, இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று யார் சொன்னது, போடட்டும். ஆனால் நேற்று போட்ட ரீல் அடுத்த மாதம் யார் கண்ணிலும் படாது. "ஆத்தங்குடி டைல்ஸில் கறை எப்படி எடுப்பது" என்று அடுத்த வருடம் ஒருவர் தேடும்போது வருவது பக்கம்தான். விலை என்ற சொல்லுக்கு சந்தைத் தளங்களோடு மோத வேண்டாம் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. யாரும் ஒழுங்காகப் பதில் எழுதாத கேள்விகள் பத்து இருபது இருக்கின்றன, அவற்றில் நிற்பது சின்னப் பட்டறைக்கு நடக்கக்கூடியது.

வடகரை:

அது ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். வாடிக்கையாளர் வீட்டில் ஒரு பெயிண்டர் ஆசிடை ஊற்றித் தரையைக் கெடுத்துவிட்டு, எப்படிச் சரிசெய்வது என்று நானே தேடியபோது உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொன்று, எங்கள் மாதிரி ஆட்கள் டிசைனை எழுத்தில் தேடுவதைவிடப் படத் தேடலில்தான் அதிகம் தேடுவோம். பட்டறைக்காரர்கள் டிசைன் படங்களைப் பெயர் இல்லாமல் ஏற்றி வைப்பதுதான் கொடுமை. "சிவப்பு மஞ்சள் நட்சத்திர பார்டர், 10 அங்குலம், நடை வராந்தாவுக்கு" என்று படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தால் எனக்கு வேலை பாதி குறையும்.

குறிஞ்சிக்கீரன்:

தமிழ்ப் பக்கம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் பல வருடம் தொழில்நுட்பம் பார்த்தவன், அதனால் இது மட்டும்.

உங்கள் தளத்தில் "எங்கள் கையேடு" என்று ஒரு பிடிஎஃப் தரவிறக்கம் இருப்பதைப் பார்த்தேன் (தச்சன் முகவரியை எனக்கும் அனுப்பினார், கோபிக்காதீர்கள்). அச்சகத்தில் நோட்டீஸுக்குச் செய்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். அச்சகத்தில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். பாமினியில் "தமிழ்" என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் பதிவாகிறது, எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடியை மாட்டிக் காட்டுகிறது. கூகுளுக்கு முகமூடி தெரியாது, ஜே கே பி ஓ மட்டும்தான் தெரியும். நல்ல விஷயங்கள் எழுதிய எத்தனையோ தமிழ்ப் பிடிஎஃப்கள் இப்படித்தான் தேடலில் சிக்காமல் கிடக்கின்றன. தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன, மாற்றி, பிழை பார்த்து, பிடிஎஃப்பாக இல்லாமல் சாதாரணப் பக்கமாகவே போடுங்கள்.

அடுத்து முகவரி. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக முகவரியை உருவாக்கும். தமிழில் தலைப்பு கொடுத்தால் ஒரு க, ஒரு கொம்பு, ஒரு புள்ளி என்று ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும், வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்குத் தருவது 200 எழுத்து. "ஆத்தங்குடி டைல்ஸ் பராமரிப்பது எப்படி" என்று தலைப்பு வைத்தால் முகவரி "ஆத்தங்குடி-டைல்ஸ்-பராமரி" என்று பாதியில் நின்றுவிடும். தரவரிசைக்கு இதனால் பெரிய கேடு இல்லை, தமிழ் முகவரியை கூகுள் நன்றாகவே புரிந்துகொள்கிறது. ஆனால் யாராவது அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் நாலு வரிக்கு சதவீதக் குறியாக நீண்டு, பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொடாமல் விடுகிறார். நான் எப்போதும் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாகக் கையால் போட்டுவிடுவேன். பக்கத்தை வெளியிடும் முன்பே செய்யுங்கள், பிறகு மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 திருப்பல் வைக்க வேண்டும்.

தமிழா ஆங்கிலமா என்றால், இரண்டும். நம் ஆட்கள் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள், பாதிப் பேர் வாய்ஸில் பேசித் தேடுகிறார்கள், வெளிமாநிலக் கட்டட நிபுணர்கள் முழு ஆங்கிலம். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலக்காமல் தனித்தனிப் பக்கமாக வைத்து, ஒன்றுக்கொன்று இதுதான் மற்ற மொழிப் பதிப்பு என்று எச்ரெஃப்லாங் குறிப்பால் இணையுங்கள், மொழிபெயர்ப்புப் பிளகின்கள் பெரும்பாலும் அதைத் தாமே போட்டுவிடும். தங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள், தயவுசெய்து வேண்டாம், படிக்கிறவனுக்குத் தலைவலி. எந்தச் சொல்லைப் போட்டு உங்களிடம் வருகிறார்கள் என்பது சர்ச் கன்சோலின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் 16 மாதக் கணக்கோடு இருக்கும், ஊகம் செய்ய வேண்டியதில்லை.

காரைக்குடிப் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொஞ்சம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன். பக்கங்களைப் பிரித்துவிட்டேன், படங்களைச் சிறிதாக்கிவிட்டேன். பிடிஎஃப்பைக் காப்பி செய்து பார்த்தேன், குறிஞ்சிக்கீரன் சொன்ன மாதிரியே ஒரே கிறுக்கல். மாமாவை உட்காரவைத்து பராமரிப்புப் பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு பத்தி இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"ஆத்தங்குடி டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவக்கூடாது. இது சுட்ட ஓடு அல்ல, சிமெண்ட். ஆசிட் பட்டால் மேல் பகுதி அரித்து நிறம் வெளுத்துவிடும், பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். தினமும் வெறும் தண்ணீரில் துடைத்தாலே போதும். புதிதாகப் பதித்த தரையில் முதல் சில மாதங்கள் அவ்வப்போது துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவந்தால் மினுமினுப்பு கூடும். நடக்க நடக்கத்தான் இந்தத் தரைக்கு மெருகு ஏறும்."

இன்னும் மூன்று சந்தேகம். ஏஜென்சிக்காரர்கள் விடுவதாக இல்லை, "ஏஐ வைத்து மாதம் 100 கட்டுரை போட்டுத் தருகிறோம்" என்று புதிதாக ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள், அது எப்படி? கூகுள் மேப்பில் பட்டறை பெயரை "ஆத்தங்குடி டைல்ஸ் பெஸ்ட் பிரைஸ்" என்று சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள், செய்யலாமா? அப்புறம் பேக்லிங்க் என்பது மொத்தமாகவே பொய்யா?

இணையத்தச்சன்:

அந்தப் பத்தி அருமை, கையை வைக்காதீர்கள். "சிறந்த ஆத்தங்குடி டைல்ஸ் விற்பனையாளர்களின் சிறந்த ஆத்தங்குடி டைல்ஸ்" என்று ஏஜென்சி எழுதியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமாவுக்குக் காட்டுங்கள். ஒரே ஒரு சேர்க்கை: ஆசிட் பட்டு வெளுத்த டைல்ஸ் ஒன்றையும் நல்ல டைல்ஸ் ஒன்றையும் சேர்த்து வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பட்டறையில் அப்படி ஒன்று கட்டாயம் கிடக்கும். வடகரை மாதிரி ஆட்கள் அந்தப் படத்துக்காகவே லிங்க் கொடுப்பார்கள்.

100 கட்டுரை: வேண்டவே வேண்டாம். 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளைத் திருத்தியபோது, தரவரிசைக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தைத் தனியாகப் பெயர் வைத்தே சேர்த்துவிட்டார்கள். மனிதன் எழுதினானா இயந்திரம் எழுதியதா என்பது பேச்சே இல்லை, யாருக்கும் உதவாத பக்கங்களைக் குவிப்பதுதான் குற்றம். மாமா சொன்னதை எழுத்துப்பிழை திருத்த ஏஐயிடம் கொடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மேப்: பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் அங்கேயும் இருக்க வேண்டும், கீவேர்டு சேர்ப்பது விதிமீறல், யாராவது புகார் கொடுத்தால் பெயரை மாற்றிவிடுவார்கள், கணக்கையே முடக்கவும் செய்யலாம். பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் வைத்துத்தான் மேப்பில் வரிசைப்படுத்துவதாகச் சொல்கிறார்கள். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது, வேலை நேரம், பட்டறைப் படங்கள், வாங்கிப்போனவர்களிடம் உண்மையான ரிவ்யூ கேட்பது, இவை உங்கள் கையில் இருப்பவை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் "பக்கத்தில் டைல்ஸ் செய்யும் இடம்" என்று போனில் தேடி நேரே பட்டறைக்கு வந்து நிற்பார்கள், அதனால் தளத்தைவிட இதுதான் உங்களுக்கு முதலில் பலன் தரும் என்று நினைக்கிறேன். உங்கள் தளத்திலேயே நீங்கள் போட்டுக்கொள்ளும் ஐந்து நட்சத்திர ரிவ்யூ மார்க்கப் (கூகுளுக்காகக் கோடில் எழுதும் குறிப்பு) எல்லாம் வீண், சொந்தக் கடைக்குச் சொந்த நட்சத்திரத்தைத் தேடலில் காட்டுவதை 2019 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பேக்லிங்க் பொய் இல்லை. யார் யாருக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்பதை வைத்துப் பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடுவதில்தான் கூகுளே ஆரம்பித்தது. ஆனால் காசுக்கு வாங்கும் 500 லிங்க் வேறு ரகம். 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற கூகுளின் தரவரிசை மாற்றம் வந்தபோது அப்படி வாங்கிய தளங்கள் பல ஒரே நாளில் காணாமல் போயின. 2016 செப்டம்பருக்குப் பிறகு பெரும்பாலும் தண்டிப்பதைவிட அந்த லிங்குகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள், அதாவது மாமா கட்டும் பணம் சத்தமில்லாமல் சாக்கடையில் போகும். மோசமானால் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன் என்று, அதாவது கூகுள் ஆட்களே பார்த்து நடவடிக்கை எடுத்ததாக, நோட்டீஸ் வரும். உங்களுக்கு நல்ல லிங்க் எங்கே இருக்கிறது தெரியுமா, உங்கள் டைல்ஸைப் பதித்த கட்டட நிபுணர்களின் தளங்களில். அவர்கள் தங்கள் வேலைகளைப் படம் போட்டு வைத்திருப்பார்கள், "தரை: ஆத்தங்குடி டைல்ஸ்" என்று எழுதியிருக்கும், யாருடைய பட்டறை என்று இருக்காது. மாமாவின் பில் புத்தகத்தைப் பார்த்து நாலு பேருக்கு போன் போட்டு, பெயரோடு லிங்க் கொடுங்கள் என்று கேளுங்கள்.

வடகரை:

என் தளத்தில் போடுகிறேன், அந்த வெளுத்த டைல்ஸ் படம் வந்ததும் சொல்லுங்கள். ரீல் போடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

காரைக்குடிப் பையன்:

கட்டாயம் சார். கடைசியாக ஒன்று. அந்த ஊர் பெயர்ப் பக்கங்களை அழிக்கப் போகிறேன். அழித்தால் எரர் வருமே, எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடலாமா? ஏஜென்சி அப்படித்தான் செய்ய வேண்டும் என்கிறது. எரர் இருந்தால் தளத்தின் மரியாதை போய்விடுமாம்.

குறிஞ்சிக்கீரன்:

போகாது. இல்லாத பக்கத்துக்கு இல்லை என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதையும் சாஃப்ட் 404 என்று "இல்லாத பக்கம்" கணக்கில்தான் வைக்கும், உங்களுக்கு லாபம் இல்லை, தேடி வந்தவருக்குக் குழப்பம். குப்பைக்குப் போடுங்கள், 404 (பக்கம் இல்லை என்ற எரர்) வரட்டும். பிளகின் வசதி இருந்தால் 410 கொடுங்கள், நிரந்தரமாகப் போய்விட்டது என்று அர்த்தம். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பிலும் அடியில் இருக்கும் மெனுவிலும் அந்த லிங்குகள் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழிக்கும் முன் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் அந்தப் பக்கங்களுக்கு கிளிக் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ மாமாவுக்கு நிஜமாகவே டீலரோ குடோனோ இருக்கிறதா? இருந்தால் அந்த ஊர் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இடத்தின் முகவரி, அங்கே கைவசம் இருக்கும் டிசைன்கள், லாரி எந்தக் கிழமை வரும் என்று உண்மையான விவரத்தால் மாற்றி எழுதிவிடுங்கள்.

காரைக்குடிப் பையன்:

பெங்களூரில் ஒரு டீலர் இருக்கிறார், மற்ற ஊர்களில் யாரும் இல்லை. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பேக்கேஜ் வேண்டாம் என்று ஏஜென்சிக்கு மாமாவே போனில் சொல்லிவிட்டார்.